நீ எழுதிய கழித்தல் குறி

இன்று காலையிலிருந்து என் விரல்களில் நகப்பூச்சு மணக்கிறது. நகத்தில் பூசவில்லை. ஆய்வுகூடத்தில் நம் வாயுக் குழாயின் பின்னால் நிற்கும் அந்தப் படிகத் தட்டின் விளிம்பில் நீ வைத்த சிவப்புப் புள்ளி மங்கிப்போயிருந்தது. அதன் மேலேயே புதிதாக ஒன்று வைத்தேன். தட்டு ஒரு ரூபாய்க் குத்தியை விடக் கொஞ்சம் பெரிது, புள்ளி கடுகளவு. மணம் மட்டும் ஆய்வுகூடம் முழுக்க நிறைந்துவிட்டது, அதோடு நீயும் வந்துவிட்டாய்.

அந்தப் போத்தலை வாங்கிய பின்னேரம் நினைவிருக்கிறதா? கடையில் நின்ற பெண் நிறம் பார்க்க உன் விரலைப் பிடித்தாள். நீ கையை இழுத்துக்கொண்டு, எனக்கில்லை, ஆய்வுகூடத்துக் கண்ணாடிக்கு என்றாய். கண்ணாடியில் பட்டால் இலேசில் போகாது அக்கா என்று அவள் எச்சரித்தாள். "போகாததுதான் எனக்கு வேணும்" என்று சொல்லி, பஸ் நிலையம் வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அது போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தட்டை நீ சரியாகத்தான் வைத்தாய். உன் அளவீடு சரி. குறிப்பேட்டில் அதைக் கோடு போட்டு வெட்டிய நான்தான் பிழை. மூன்று கிழமையாக இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, சோற்றுக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் திரிகிறேன். அம்மா ஒரு நாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தா.

முதலில் இருந்தே வருகிறேன். எனக்கும் ஒருமுறை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாயு என்றால் வெறும் இடம், அதற்குள்ளால் போகும் ஒளிக்கு ஒன்றும் நடக்காது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த நம்பிக்கையை நீ உடைத்தது கிண்ணியாப் பாலத்தில். பெருநாளுக்கு உங்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மார்கழிக் குளிர். விடிந்தவுடன் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் நடுவில் நிறுத்தினாய். குடாவில் நின்ற வள்ளங்கள் தண்ணீரை விட்டு எழும்பி, அடியில் ஒரு கீற்று வானத்தோடு அந்தரத்தில் தொங்கின. கடல் தண்ணீர் இளஞ்சூடு, மேலே காற்று குளிர், தண்ணீரை ஒட்டிய காற்று மட்டும் சூடாகி, அடர்த்தி குறைந்து ஐதாகிவிட்டது, அதற்குள் நுழையும் ஒளி வளைகிறது என்று விளங்கப்படுத்தினாய். பிறகு, "வள்ளம் நிக்கிற இடம் வேற, தெரியிற இடம் வேற புள்ள" என்றாய். பாலத்தில் மீன் கூடையோடு சைக்கிளில் வந்த ஒருவர், இரண்டு படித்த பெண்கள் கடலைப் பார்த்து வாய்பிளந்து நிற்பதைப் பார்த்து, தானும் காலை ஊன்றி நின்று பார்த்தார். அவருக்கு அது தினமும் பார்க்கும் காட்சி. "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இறுதி வருட ஆய்வுக்கு இருவர் இருவராகச் சேரச் சொன்னபோது, அந்த வள்ளங்களை எப்படி ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவருவது என்பதுதான் உன் கேள்வி. வெப்பம் ஒளியை வளைக்கிறது என்றால் மின்புலம் என்ன செய்யும்? இரண்டும் சேர்ந்தால்? பழைய பாடநூல் ஒன்றின் கடைசி அத்தியாயத்தில் அதற்கு விடை இருந்தது. வாயுவை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அடைத்து, தகடுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால், கண்டபாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும் மூலக்கூறுகள் கொஞ்சம் ஒருபக்கமாக நிமிரும். அப்போது மின்புலத்தின் திசையில் அதிரும் ஒளி ஒரு வேகத்தில் போகும், குறுக்காக அதிரும் ஒளி இன்னொரு வேகத்தில் போகும். வேறுபாடு மிக மிகச் சிறியது. ஆனால் அளக்கலாம்.

எனக்கு அது வாய்பாடாகத்தான் விளங்கியது. உனக்கு அது பாடசாலைக் காலைக்கூட்டம். விசில் ஊதினால் பிள்ளைகள் வரிசைக்கு வருவார்கள்; விசில்தான் மின்புலம். வெயில் ஏறினால் நெளிவார்கள், தள்ளுப்படுவார்கள், வரிசை குலையும், அதுதான் வெப்பம். "விசில் எவ்வளவு ஊதினாலும் வெயில் ஏறினா வரிசை நிக்காது." அப்போ வெயில் எல்லையில்லாமல் ஏறினால் ஒன்றுமே மிஞ்சாதா என்று நான் மடக்கினேன். நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமல் யோசித்துவிட்டுச் சொன்னாய்: "வரிசை கலைஞ்சாலும் ஒவ்வொரு பிள்ளையிட கழுத்தும் விசில் பக்கம் ஒருக்காத் திரும்பும்." மூலக்கூறு நிமிராவிட்டாலும், மின்புலம் அதன் உள்ளே இருக்கும் இலத்திரன்களைக் கொஞ்சம் வளைக்கும், வெப்பம் அதைத் தொடாது. பாடநூலில் அதற்கு அரைப்பக்க வாய்பாடு இருக்கிறது. நான் இன்றும் மாணவர்களுக்குக் கழுத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

காற்றில் இந்த விளைவு நம் கருவிக்கு எட்டாத அளவு சிறியது. பெரிதாகக் காட்டும் வாயு வேண்டும், வாங்க வழியில்லை. அப்போதுதான் நீ உன் நானாவைப் பிடித்தாய். கிண்ணியாவில் பிரிட்ஜும் ஏசியும் திருத்துகிற மனிதர், தங்கையின் பட்டப்படிப்புக்குத் தன் காஸ் சிலிண்டரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி வந்து இறக்கினார். "இது குளிராக்கிற காஸ். நீங்க இதைச் சூடாக்கப் போறீங்களாம். படிச்சா இப்பிடித்தான் மண்டை கழறும்" என்று சொல்லிவிட்டு, நம் குழாயின் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவி, நாம் ஒரு மாதமாகத் தேடிய கசிவைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

அந்த மாதங்களில் நாம் எவ்வளவு சிரித்தோம். முதல் கிழமை வரைந்த வரைபை ஜன்னலோரம் காய வைத்தோம், ஊருக்குள் திரிகிற மான் தின்றுவிட்டது. நம் ஆய்வைப் பார்த்துக்கொண்ட விரிவுரையாளர் மெடத்திடம் அப்படியே சொன்னோம். வேறு ஊரில் என்றால் பொய் என்றிருப்பார்கள். திருக்கோணமலையில் மெடம், "எத்தனை தாள்?" என்று மட்டும் கேட்டா.

உப்புக்காற்றுத்தான் நமக்கு எதிரி. இரண்டு நாளில் கண்ணாடிகளில் பாசிபோலப் படியும். அதனால் படிகத் தட்டை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். தட்டு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதில்தான் விடையின் குறி இருக்கிறது. சரியாக நின்றால், ஒளியை அளக்கும் மானியின் ஊசி வலப்பக்கம் போவது கூட்டல், இடப்பக்கம் போவது கழித்தல். தட்டைக் கால்வட்டம் மாற்றி வைத்துவிட்டால் வலம் இடமாகிவிடும். அந்தப் பயத்தில்தான் நீ நகப்பூச்சு வாங்கினாய்: தட்டின் விளிம்பில் ஒரு புள்ளி, அதைத் தாங்கும் சட்டத்தில் ஒரு புள்ளி, இரண்டும் முகம் பார்க்க வேண்டும். மேலே ஒரு வளையத்தைத் திருகி மூடினால் புள்ளிகள் மறைந்துவிடும்.

பிறகு அந்த வியாழக்கிழமை. முந்தின நாள், சோடாவுக்கு அடைக்கிற காபனீரொட்சைட்டை வைத்துப் பார்த்தோம். ஊசி வலப்பக்கம் போனது, புத்தகத்தில் இருப்பதுபோல. அதோடு சிலிண்டரில் காபனீரொட்சைட்டு தீர்ந்துபோனது. காலையில் நீ தட்டைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாய். நானாவின் காஸை நிரப்பினோம். மின்னழுத்தத்தை ஏற்றினோம். ஊசி இடப்பக்கம் போனது.

நீ பயப்படவே இல்லை. பென்சிலைக்கூட எடுக்காமல், பேனையாலேயே குறிப்பேட்டில் கழித்தல் குறியைப் போட்டு எண்ணை எழுதினாய். பயந்தது நான்தான். அறிக்கை கொடுக்க நான்கு நாள். எல்லா வாயுவும் வலப்பக்கம்தான் போகும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை, எங்கிருந்து வந்ததோ. தட்டை மாற்றி வைத்துவிட்டாய் என்றேன். இல்லை என்றாய். துடைத்தது நீதானே என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை.

"புள்ளிக்குப் புள்ளி பாத்துத்தான் வெச்சனான். திறந்து பாரு."

திறக்க நேரமில்லை என்றேன். திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி நேராக்க ஒரு நாள் போகும் என்றேன். அது உண்மை. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. எனக்கு வேண்டிய விடை ஏற்கெனவே என்னிடம் இருந்தது. தாங்கியின் வெளிச்சுற்றைக் கால்வட்டம் திருப்பினேன்; உள்ளே தட்டும் சட்டமும் சேர்ந்தே திரும்பின. ஊசி வலப்பக்கம் போனது. எனக்கு நிம்மதி.

நம் ஆய்வுகூடத்துக் குறிப்பேட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அழிப்பான் கூடாது. பிழை என்றால் ஒற்றைக்கோடு, பக்கத்தில் காரணம், வெட்டியவரின் கையொப்பம். வெட்டியதே பிழை என்று பிறகு தெரியவந்தால், வெட்டிய கோட்டையும் அழிக்கக்கூடாது. அடியில் புள்ளிகள் இட்டு "நிற்கட்டும்" என்று எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் இரண்டு கையொப்பம்: அளந்தவர், பார்த்தவர். அன்று நான் உன் கழித்தல் குறியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதினேன். உன் பெயரை எழுதி, "தட்டைத் தவறாகப் பொருத்தியதால்" என்று எழுதினேன். நீ அதை வாசித்தாய். பார்த்தவர் என்ற இடத்தில் கையொப்பம் வைத்தாய். அறிக்கையிலும் அந்த வசனம் போனது. நமக்கு நல்ல பரீட்சைப் புள்ளிகள் வந்தன.

அதற்குப் பிறகு உன்னை நீயே "தட்டு மாத்தினவள்" என்று சொல்லிப் பம்பலடிப்பாய். பாணில் பட்டரை மறுபக்கம் பூசிவிட்டாலும் அதுதான், சால்வையை மாறிப் போட்டாலும் அதுதான். நானும் சிரித்தேன். அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து, ஒரு கிழமைக்குள் நீ போய்விட்டாய். அந்தப் பகிடியில் எவ்வளவு பகிடி, எவ்வளவு வலி என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

நான் இங்கேயே செய்முறை உதவியாளராக இருக்கிறேன். பாலையூற்றிலிருந்து அதே பஸ். இந்த வருடம் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் பேச என்னிடம் இருக்கும் ஒரே சொந்த வேலை நம் அறிக்கைதான். இன்னும் சில வெப்பநிலைகளில் அளந்து சேர்த்தால் வடிவாக இருக்கும் என்று, நான்கு வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த கருவியை வெளியே எடுத்தேன். தட்டைத் துடைக்க வளையத்தைத் திருகினேன். அந்த வியாழனுக்குப் பிறகு ஒருவரும் அதைத் திறக்கவில்லை. திருகில் உப்புப் பூத்திருந்தது. கழன்றது.

இரண்டு புள்ளிகளும் முகம் பார்த்துக்கொண்டு நின்றன.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு எழும்பி மறுபடி பார்த்தேன். புள்ளிக்குப் புள்ளி, மயிரிழை பிசகாமல். கவலையை விட முதலில் வந்தது வேறொன்று. அதை உன்னிடம்தான் சொல்லமுடியும். உடம்பெல்லாம் சிலிர்த்தது. தட்டு சரி என்றால் கழித்தல் சரி. கழித்தல் சரி என்றால் நானாவின் பிரிட்ஜ் காஸ் ஒளியை மறுபக்கமாகத் திருப்பியிருக்கிறது. ஏன்? அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஓடிப்போய்ப் புத்தகங்களை விரித்தேன். அப்படியான வாயுக்கள் இருக்கத்தான் செய்கின்றன! மூலக்கூறு மின்புலத்தின் வழியே நிமிர்ந்து நிற்கும், ஆனால் அதன் இலத்திரன்கள் குறுக்காகத்தான் அதிகம் அசைந்துகொடுக்கும். உன் காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் எப்படி இருக்கும்? வரிசை ஒரு திசை, கைகள் ஒரு திசை. ஒளிக்குக் கைகள்தான் தட்டுப்படும்.

மெடத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டியதையும், எழுதிய காரணத்தையும். மெடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. நகப்பூச்சுப் புள்ளி ஆதாரமாகாது, திரும்ப அளக்க வேண்டும், பார்த்தவர் ஒருவரும் வேண்டும் என்றா. அளந்து கழித்தல் என்று வந்தால் திருத்தக் கடிதம் அறிக்கையின் கோப்பில் சேரும், நேர்முகத்துக்கும் அதன் பிரதி போகும், வெட்டியது யார் கை என்று எல்லாரும் காண்பார்கள் என்றா. பிறகு குரல் இறங்கியது.

"நாலு வருஷத்துக்கு முந்தின ஒரு குறி. விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. உமக்கு விளங்குதுதானே?"

"விளங்குது மெடம்."

"அப்ப காபனீரொட்சைட்டு வாங்க நான் எழுதித் தாறன். நீர் அளந்து பாரும்."

இந்த முறை வெளிச்சுற்றை முந்தின இடத்துக்கே திருப்பிவிட்டு, ஒரே ஒரு விதி வைத்தேன். ஒன்றையும் தொடுவதில்லை. தட்டு, லேசர், கம்பிகள், எல்லாம் அப்படியே. வாயுவை மட்டும் மாற்றுவது. காபனீரொட்சைட்டு, பிறகு நானாவின் காஸ், பிறகு மறுபடி காபனீரொட்சைட்டு. இரண்டு தரம் நடுவில் கரண்ட் போனது. ஒரு நாள் ஈரக்காற்றில் உயர் அழுத்தக் கம்பி பொறி தட்டிப் பயமுறுத்தியது. அதனால் விடியலிலேயே வந்து, கடற்காற்று ஏறுமுன், காபனீரொட்சைட்டை மட்டும் அளந்து பழகினேன்.

பார்த்தவராக யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நேற்று நானா சிலிண்டரோடு வந்தார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. மூட்டுகளில் நுரை தடவிப் பார்த்தார். "கசியுதில்ல. ஆனா இந்த மூட்டு ஆர் போட்டது? பெலமா முறுக்கியிருக்கு" என்று என்னைப் பேசினார். நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை முழுவதும் சொன்னேன், குறிப்பேட்டுப் பக்கத்தையும் திறந்து காட்டினேன். உன் பெயரையும் அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்தையும் வாசித்தார். ஊசியின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் காபனீரொட்சைட்டு. ஊசி வலப்பக்கம். குழாயை வெறுமையாக்கி அவர் கையாலேயே காஸை நிரப்பினார். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். என் கண் குமிழில். ஊசியைப் பார்க்கத் தைரியமில்லை.

"தங்கச்சி, இது இந்தப் பக்கம் போகுது."

"எந்தப் பக்கம் நானா?"

"இடப்பக்கம்." என் பக்கம் திரும்பினார். "அவ சொன்ன பக்கமா?"

"ஓம் நானா. அவ சொன்ன பக்கம்."

அவர் தலையைக் குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இனிச் சூடாக்கு, மற்றதையும் பார்ப்போம் என்றார். சூடாக்கினோம். அடைத்த குழாய்க்குள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது, வேகமும் தள்ளுப்பாடும்தான் கூடும். ஊசி கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சியத்தை நோக்கித் திரும்பி வந்தது, வெயில் ஏற வரிசை குலைகிற மாதிரி, நீ சொன்ன அதே மாதிரி. மத்தியானம் வரை ஒவ்வொரு வெப்பநிலையிலும் நானா எண்ணை உரத்து வாசித்தார், நான் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் எடுத்துப் போனதைக்கூட நான் பிறகுதான் கண்டேன்.

வீட்டுக்குப் போய் வரைபை வரைந்தேன். சூட்டை எல்லையில்லாமல் ஏற்றினால் எங்கே போய் நிற்கும் என்று கோட்டை நீட்டிப் பார்த்தேன். அது பூச்சியத்தில் நிற்கவில்லை. பூச்சியத்தைத் தாண்டி, மறுபக்கம், ஒரு துளி கூட்டலில் போய் நின்றது. கழுத்து! எல்லா வரிசையும் கலைந்த பிறகும் மிஞ்சுகிற அந்தத் திரும்பல். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நம் அளவீட்டின் பிழை வீச்சு பெரிது, அந்தத் துளியைச் சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால் ஏலாது. அதற்கு இன்னும் நல்ல கருவி வேண்டும், இன்னும் வருடங்கள் வேண்டும். அந்த வருடங்களைத்தான் கேட்கப்போகிறேன். ஆனால் கழித்தல் கழித்தல்தான். அதற்குச் சத்தியம் பண்ணுவேன்.

இன்று காலை நானா வேலைக்குப் போகும் வழியில் வந்து கையொப்பமிட்டார். பேனையை ஸ்பானர் பிடிப்பதுபோலப் பிடித்து, பார்த்தவர் என்ற இடத்தில், முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினார். பிறகு பழைய பக்கத்தையும் திறக்கச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதிய காரணத்தின் மேல் ஒற்றைக்கோடு போட்டேன். பக்கத்தில் புதிய காரணம்: "பொருத்தியது சரி. திருப்பியது நான்." உன் கழித்தல் குறியின் அடியில் புள்ளிகள் இட்டு, "நிற்கட்டும்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். உம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நானா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். உம்மாவுக்கு விளங்குமா என்று கேட்டேன். "அவட பேர் விளங்கும்" என்றார்.

திருத்தக் கடிதம் மெடத்தின் மேசையில் இருக்கிறது. அடுத்த கிழமை நேர்முகம். அவர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான், தெரியும். கேட்கட்டும். என்னிடம் இவ்வளவு நல்ல கதை வேறொன்று இல்லை.

இப்போது தட்டைப் பூட்டப்போகிறேன். பூச்சு காய்ந்துவிட்டது. எந்தக் கருவியை எடுத்தாலும் மூடுமுன் ஒருதரம் திறந்து பார்க்கிற பழக்கம் இந்த மூன்று கிழமையில் எனக்கு வந்திருக்கிறது, மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஒரு நல்ல விடை வரும்போதெல்லாம், மானியிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் நீ உட்காரும் இடத்தைப் பார்க்கிறேன். அது மட்டும் நான்கு வருடமாக மாறவில்லை.